பீனிசமும் பூசணமும்

'எனக்கு சைனஸ் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் 'எல்லோருக்கும்தான் இருக்கிறது' என்று பதில் சொல்வது என் மருத்துவ நண்பர் ஒருவரின் வழக்கம். நெற்றியெலும்பில், கன்னத்தெலும்பில், இரு கண்களுக்கும் நடுவில், மூக்கின் பின்கோடியில் மண்டையோட்டின் அடித்தளத்தில் என நான்கு இணைகளாக அமைந்த காற்றறைகளுக்குத்தான் சைனஸ் என்று பெயர். அது உறுப்பின் பெயர், நோயின் பெயரன்று. 'எனக்கு வயிறு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் அந்தச் சொல் தமிழில் நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. தலைவலி, மூக்கடைப்பு, தும்மல், கன்னத்து வலி, வாசனை தெரியாமை, காலையில் எழுந்ததும் முகம் கனப்பது எல்லாமே சைனஸ். ஒரு சொல் இவ்வளவு அகலமாகிவிட்டால் அதற்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

2021 ஜூன் மாதத்தில் அப்படி ஒளிந்துகொண்ட ஒன்றை என் குடும்பத்திலேயே பார்த்தேன். என் சித்தப்பா வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் வேளாண்மை செய்பவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. கொரோனா வந்து பத்து நாட்கள் மருத்துவமனையில் இருந்து, ஸ்டீராய்டு ஊசிகள் போட்டுக்கொண்டு, பிழைத்து வீடு திரும்பியிருந்தார். வந்த வாரத்திலேயே இடப்பக்க மேல்வரிசைப் பல்லில் வலி. தொலைபேசியில், "பல்லுதாம்ப்பா, ஆடுற மாதிரி இருக்கு" என்றார். பல் மருத்துவர் பல்லில் ஒன்றுமில்லை என்றார். அடுத்துப் பார்த்தவர் 'சைனஸ்தான், ஆவி பிடியுங்கள்' என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் சவரம் செய்துகொள்ளும்போது இடக்கன்னத்தில் கத்தி படுவதே தெரியவில்லை என்று சித்தி சொன்னார். ஐந்தாம் நாள் இட இமை தொங்கிவிட்டது. அதன் பிறகு அவரைப் பார்த்த இளம் காது மூக்கு தொண்டை மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச்சை அடித்தார். மேலண்ணத்தில் காசு அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு. அன்றிரவே அறுவை சிகிச்சை.

சித்தப்பா பிழைத்தார். இட மேல்தாடையும் இடக்கண்ணின் பார்வையும் போயின. அந்த ஐந்து நாட்களைப் பற்றித்தான் நான் அதன் பிறகு நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கவனிக்காமல் விட்டவர் யார் என்ற கேள்வியைவிட, கண்ணுக்கு முன்னால் இருந்தது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி என்னை அதிகம் தொந்தரவு செய்தது. நான் மருத்துவன் அல்லன். தேடிப் படித்ததில் ஒரு நோயறிதலின் வரலாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அதில் நம் பகுதிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

*

சைனஸ் என்ற சொல் வருவதற்கு முன்பு நம்மிடம் பீனிசம் என்ற சொல் இருந்தது. வடமொழியின் பீனஸம்தான் தமிழில் இப்படித் திரிந்தது. சுஸ்ருத சங்கிதை மூக்கு நோய்களை முப்பத்தொன்று என்று கணக்கிடுகிறது. சித்த மரபில் யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய நூல் பீனிசத்தை ஒன்பதாக வகுக்கிறது. என் பாட்டிக்கு இந்த நூல்கள் எதுவும் தெரியாது. ஆனால் 'தம்பிக்குப் பீனிசம், நொச்சி வேது பிடி' என்று சொல்லத் தெரியும். தலையணையுறைக்குள் நொச்சியிலை அடைத்துக் கொடுப்பார். அந்த மணம் இன்றும் நினைவிருக்கிறது.

பழைய வைத்தியர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மூக்கிலிருந்து வருவதைப் பார்த்தார்கள். நீராகவா, சீழாகவா, குருதி கலந்தா. நிறம் என்ன, நாற்றம் உண்டா, தலை கனக்கிறதா, எந்தப் பருவத்தில் கூடுகிறது. அந்தக் கவனிப்பு கூர்மையானது. இன்றைய மருத்துவர் 'ஒரு பக்கமா, இரு பக்கமா? கெட்ட வாடை வருகிறதா? ரத்தம் வருகிறதா?' என்று கேட்பதும் அதே வரிசைதான். ஆனால் வெளியே வருவதை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் வரைதான் அதனால் போக முடிந்தது. மூக்கின் உட்புறம் இருண்டது. காற்றறைகளோ எலும்புக்குள் மூடிக்கிடப்பவை.

தஞ்சையைப் பொறுத்தவரை இந்த இடத்தில் இரண்டாம் சரபோஜியை நினைக்காமல் இருக்க முடியாது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்து, ஆட்சியதிகாரத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த பின் அறிவைச் சேர்ப்பதில் தன் காலத்தைச் செலவிட்டவர் அவர். தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, மேலை மருத்துவம் ஆகியவற்றின் வைத்தியர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தினார். அங்கே கைகண்ட முறைகளைத் தமிழ்ச் செய்யுளாக எழுதச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையாக அவற்றைச் சரஸ்வதி மகால் நூலகம் பின்னாளில் அச்சிட்டது. அவற்றில் நீரிழிவுக்கு ஒரு நூல் உண்டு, கண்நோய்க்கு ஒரு நூல் உண்டு. எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது அவருடைய காலத்துக் கண்நோயாளிகளின் குறிப்பேடுகள். நோயாளி யார், என்ன குறை, என்ன செய்யப்பட்டது, பிறகு என்ன ஆயிற்று என்று எழுதி, கண்ணின் தோற்றத்தை வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளியின் கண்ணை நாளுக்கு நாள் பார்த்து எழுதிவைப்பது என்ற பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் இருந்திருக்கிறது. மூக்குக்கு அப்படி ஒரு சித்திர ஏடு இல்லாமற் போனது இயல்புதான். கண்ணை வரையலாம், மூக்கின் உள்ளே எட்டிப்பார்க்க அன்று வழியில்லை. எண்டோஸ்கோப் குழாயை மூக்குக்குள் செலுத்திக் காற்றறைகளின் வாயிலைப் பார்க்கும் முறையை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் வளர்த்தெடுத்து உலகத்துக்குக் கொடுத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

*

பூசணம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியோடு சேர்த்துத்தான் கற்றுக்கொள்வோம். ஈரக்கை பட்டால் பூசணம் பூத்துவிடும். ஐப்பசி அடைமழையில் தோல் செருப்பில், புத்தக அட்டையில், நனைந்த வைக்கோலில் பூசணம் பூக்கும். பிடிக்கும் என்றும் சொல்வதுண்டு, ஆனால் பூக்கும் என்பதே சரியான சொல் என்று எனக்குப் படுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மையிலேயே அது ஒரு பூதான். 1729இல் இத்தாலியப் பாதிரியார் மிக்கேலி அவ்வகைப் பூசணம் ஒன்றைப் பார்த்தபோது, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியின் வடிவம் அவருக்கு நினைவுக்கு வந்தது. அக்கருவியின் பெயரால் அதை ஆஸ்பர்ஜில்லஸ் என்று அழைத்தார். இன்று காற்றறைப் பூஞ்சை நோய்களில் அதிகம் அடிபடும் பெயர்களில் ஒன்று அது.

ஊறுகாயில் பூப்பது உயிருள்ள மனிதனுக்குள்ளும் பூக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. 1791இல் பிளேன்யோ என்ற பிரெஞ்சு மருத்துவர் கன்னக் காற்றறைக்குள் பூஞ்சை வளர்ச்சியைக் கண்டதாக எழுதியதே இத்துறையின் முதற்குறிப்பாகச் சொல்லப்படுகிறது. அடுத்த பெரிய அடி தமிழ்நாட்டில் விழுந்தது. மதுரை மருத்துவ நிலையத்தில் இருந்த கில் 1842இல் வெறுங்காலுடன் நடக்கும் உழவர்களின் பாதம் வீங்கிப் புண்ணாகிக் குருணை குருணையாகக் கசியும் நோயொன்றை விவரித்தார். 'மதுரைக் கால்' என்று அது மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது. பம்பாயில் இருந்த வாண்டைக் கார்ட்டர், கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூலுக்குப் படங்கள் வரைந்த அதே கார்ட்டர், 1860இல் அந்தக் குருணை பூஞ்சையே என்று வாதிட்டார். (அதில் ஒரு பகுதி பாக்டீரியாவால் வருவது என்று பின்னர் தெரிந்தது.) நோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது ஊருக்குப் பெருமையில்லை. இருந்தாலும் மண்ணிலிருந்து மனித உடலுக்குள் பூஞ்சை ஏறுகிறது என்ற எண்ணம் நம் உழவர்களின் காலைப் பார்த்து உருவானது என்பது நினைவில் இருக்கவேண்டியது.

*

காலுக்கு மண் என்றால் மூக்குக்கு நீர். இங்கே சொல்லவேண்டிய நோய் ரைனோஸ்போரிடியோசிஸ். பெயரைப் பார்த்து வாசகர் மிரள வேண்டாம். தமிழ்நாட்டு, கேரள, இலங்கைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். உலகின் பிற பகுதி மருத்துவர்களில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உலகில் பதிவான நோயாளிகளில் மிகப்பெரும்பகுதியினர் இந்தியாவிலும் இலங்கையிலும்தான். தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஊர்களிலிருந்து இந்நோயாளிகள் வருவது தென்மாவட்ட மருத்துவமனைகளில் வழக்கமான காட்சி. காவிரி பாயும் எங்கள் பகுதியில் ஓடும் நீர் உண்டு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம். மேட்டூரை ஜனவரிக் கடைசியில் மூடினால் ஜூன் வரை எங்களுக்கும் தேங்கிய குளம்தான்.

நோயின் அடையாளம் மறக்க முடியாதது. பெரும்பாலும் ஒரு நாசியில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு, அரிப்பு, தும்மல், அடிக்கடி ரத்தக்கசிவு. உள்ளே பார்த்தால் செந்நிறச் சதைத் திரள். அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் தூவியது போல. ஸ்டிராபெர்ரிப் பழத்தைப் போல என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஸ்டிராபெர்ரியை அறியாத நம்மூர் மாணவன் அந்த உவமையை எப்படி மனத்தில் வாங்கிக்கொள்வான் என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டால் ரத்தம் கொட்டும். அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வித்துகளை உள்ளடக்கிய ஒரு பை. வெறுங்கண்ணுக்கே தெரியும் கிருமிப்பை மருத்துவத்தில் அரிது. அறுத்தெடுத்து அடியைச் சுட்டுத் தீய்ப்பதே சிகிச்சை. சரியாகத் தீய்க்காவிட்டால் திரும்ப வரும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையை மீண்டும் வராமல் இருப்பதற்காகக் கொடுப்பதும் 1970களின் கடைசியிலிருந்து வழக்கத்துக்கு வந்தது.

இந்தக் கிருமியின் வரலாறு ஒரு வேடிக்கை. 1900இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகரில் மருத்துவ மாணவர் கில்லெர்மோ செபெர் தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். ஓரணு உயிரி என்று நினைத்தார். 1903இல் கல்கத்தாவின் ஓகினீலி இந்திய நோயாளியிடம் கண்டதை லண்டனில் அறிவித்தார். 1905இல் மின்சினும் ஃபாந்தமும் இதற்கு ஓகினீலியின் பெயரைச் சூட்டினார்கள். அவர்களுக்கும் இது ஓரணு உயிரிதான். சென்னையிலிருந்தும் அடுத்தடுத்து அறிக்கைகள் வந்தன. எழும்பூர்க் கண் மருத்துவமனையின் ஆங்கிலேயக் கண்காணிப்பாளர்கள் இதே நோயைக் கண்ணின் மெல்லிய படலத்திலும் கண்ணீர்ப் பையிலும் கண்டு எழுதினார்கள். 1923இல் எடின்பரோ விலங்கியலாளர் ஆஷ்வொர்த் இதன் வாழ்க்கைச் சுழற்சியை முழுதாக வரைந்து, இது ஓரணு உயிரியன்று, பூஞ்சை என்று தீர்ப்புச் சொன்னார். செபெரின் பெயரும் அதற்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டு உலகமெங்கும் இது பூஞ்சை நோய் என்றே கற்பிக்கப்பட்டது. இலங்கையின் கருணாரத்ன 1964இல் இந்நோய்க்கென்றே தனி நூல் எழுதினார்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவேயில்லை. பூஞ்சை என்றால் சோதனைச்சாலைத் தட்டில் வளரவேண்டும். இது எந்த ஊடகத்திலும் வளர மறுத்தது. 1999இல் இதன் மரபணுவைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. இது பூஞ்சையும் அன்று, விலங்கும் அன்று. இரண்டின் கிளைகளும் பிரியும் இடத்துக்கு அருகில் நிற்கும் ஒரு பழைய குடும்பம். அதன் நெருங்கிய உறவினர்கள் மீன்களிலும் நன்னீர் இறாலினங்களிலும் நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணிகள். குளத்து மீனின் நோய்க்கு உறவுக்காரன் குளத்தில் முங்கிய மனிதனின் மூக்கில் இருந்திருக்கிறான். பெயரைத் தவறாக வைத்திருந்த நூறு ஆண்டுகளிலும் மருத்துவர்கள் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் எனக்குச் சுவையான செய்தி. காரணம், அவர்கள் ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்கள்: எங்கே குளிக்கிறீர்கள்?

1930களில் மேற்கிந்தியாவில் ஆற்றில் மூழ்கி மணல் எடுப்போரிடம் இது மிகுந்திருப்பதைக் குறித்தார்கள். பிறகு நெல்வயலில் வேலை செய்வோர், மாடு குளிப்பாட்டுவோர், தேங்கிய குளத்தில் குளிப்போர் என்று பட்டியல் நீண்டது. 1990களின் தொடக்கத்தில் செர்பியாவில் ஒரே ஏரியில் குளித்த பதினேழு பேருக்கு இந்நோய் வந்தபோது ஐரோப்பாவே வியந்தது. கண்மாய் ஊர் மருத்துவருக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கே குளிக்கிறீர்கள் என்பது நம் ஊர்களில் வெறும் மருத்துவக் கேள்வியன்று. எந்தத் தெருவுக்கு எந்தக் குளம், எந்தப் படித்துறை யாருக்கு என்று எழுதாத சட்டம் இருந்த ஊர்கள் இவை. மாட்டோடு சேர்ந்து ஒரே குட்டையில் குளித்தவர் யார் என்று கேட்டால் விடை சாதியின் பெயராகவும் வரக்கூடும். இந்நோய் ஆட்டிப்படைத்த உடல்கள் பெரும்பாலும் உழைக்கும் உடல்கள். அதனாலேயே உலக மருத்துவத்தின் அக்கறை இதன்மீது மெதுவாகப் படிந்தது என்று நினைக்கிறேன்.

*

உண்மையான பூஞ்சைகளுக்கு வருவோம். காற்றறைப் பூஞ்சை என்பது ஒரே நோயன்று. ஒரே வித்து உள்ளே போனாலும் வரவேற்பவரின் உடலைப் பொறுத்து அது வெவ்வேறு நோயாகிறது. இதைப் புரிந்துகொள்ளத்தான் இருபதாம் நூற்றாண்டு தேவைப்பட்டது.

உடல் நலமாக இருப்பவரின் கன்னக் காற்றறைக்குள் பூஞ்சை களிமண் உருண்டை போலத் திரண்டு சும்மா கிடக்கலாம். பல ஆண்டுகள் ஒரு பக்க நாசியில் மட்டும் கெட்ட வாடையுள்ள சளி வரும், அவ்வளவுதான். சுரண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒவ்வாமை உள்ள இளைஞர்களிடம் அதே பூஞ்சை வேறு கூத்து ஆடுகிறது. இரு நாசியிலும் சதை வளர்ந்து, வாசனை போய், கெட்டியான பழுப்புப் பச்சைச் சளி காற்றறைகளை அடைத்துக்கொள்ளும். அரைத்த வேர்க்கடலை விழுது போல என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அழுத்தம் கூடிக் கண்விழி வெளியே தள்ளுவதும் உண்டு. ஆனால் பூஞ்சை திசுவைத் துளைப்பதில்லை. அதன்மீது உடல் காட்டும் சினமே நோய். சி.டி. ஸ்கேனில் அந்தச் சளி எலும்பைப் போல வெளிறித் தெரியும்.

இந்த வகையை அமெரிக்காவில் காட்சன்ஸ்டைனும் தோழர்களும் 1983இல் நிலைநாட்டிய விதம் எனக்குப் பிடித்தது. அவர்கள் புதிய நோயாளி யாரையும் தேடிப் போகவில்லை. ஏற்கெனவே அறுவை செய்து, 'நாட்பட்ட சைனஸ் அழற்சி' என்று எழுதி அலமாரியில் வைத்திருந்த 119 மாதிரிகளை எடுத்து மீண்டும் பார்த்தார்கள். ஏழில் பூஞ்சை இழைகள் இருந்தன. அவை அங்கேயேதான் இருந்தன. முதல் முறை பார்த்த கண்கள் அவற்றைத் தேடவில்லை.

மூன்றாவது வகை மெல்லக் குடைவது. 1969இல் சூடானிலிருந்து பதினேழு நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. உடல் திடமான மனிதர்கள். மாதக்கணக்கில் வலியில்லாமல் கன்னமும் கண்ணும் புடைத்துக்கொண்டே வந்தன. புற்றுநோய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெட்டிப் பார்த்தால் ஆஸ்பர்ஜில்லஸ். பின்னர் வட இந்தியாவிலிருந்தும் இதே போன்ற நோயாளிகள் வந்தார்கள். சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் அருணாலோக் சக்ரவர்த்தியும் அவர் குழுவும் 1990களிலிருந்து இவர்களை முறையாகத் தொகுத்தார்கள். கதிரடிக்கும் தூசியும் வறண்ட காற்றும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அங்கே எழுந்தது. காற்றறைப் பூஞ்சை நோய்களைத் திசுவைத் துளைப்பவை, துளைக்காதவை என்று பிரித்து வரையறுத்த 2009ஆம் ஆண்டின் உலகளாவிய குழுவறிக்கைக்கும் தலைமையாசிரியர் அவரே.

களத்துத் தூசி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தை மாதத்தில் சம்பா அறுத்துப் போரடிக்கும்போது எழும் சுனை உடம்பெல்லாம் அரிக்கும். மூக்கிலும் வாயிலும் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தூற்றுவார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தூசிக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவு முதலில் தெரிந்தது கண்ணில். நெல்லின் சுனையோ இலையோ கீறிக் கருவிழியில் புண்ணாகி வந்தவர்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இல் ஆராய்ந்தபோது, கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை என்று தெரிந்தது. பாக்டீரியா என்று நினைத்துச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தால் விழி போய்விடும். ஆகவே கண் மருத்துவர்கள் 'வயலில் ஏதாவது பட்டதா?' என்று முதலிலேயே கேட்கக் கற்றுக்கொண்டார்கள். மூக்கு மருத்துவத்தில் அப்படி ஒரு கேள்வி அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

*

சித்தப்பாவுக்கு வந்தது நான்காவது வகை. இதற்கு மாதங்கள் வேண்டாம், நாட்கள் போதும். ஆஸ்பர்ஜில்லஸ் அல்ல, மியூகார் குடும்பம். பழைய ரொட்டியிலும் அழுகிய பழத்திலும் பூக்கும் பஞ்சுப் பூசணம். 1885இல் ஜெர்மன் மொழியில் எழுதிய பால்டாவுஃப் மனித உடலில் இதை முதலில் தெளிவாக விவரித்தார். ஆனால் மூக்கிலிருந்து கண்ணுக்கும் கண்ணிலிருந்து மூளைக்கும் இது ஏறும் பாதையையும், கட்டுப்பாடில்லாத நீரிழிவுக்கும் இதற்கும் உள்ள உறவையும் காட்டியவர்கள் 1943இல் கிரிகரி, கோல்டன், ஹேமேக்கர் ஆகிய மூவர். அவர்கள் பார்த்த மூன்று நோயாளிகளும் இறந்துபோனார்கள். 1950களின் நடுவில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து ஆம்போடெரிசின் பிரிக்கப்பட்ட பிறகே மருத்துவர் கையில் ஓர் ஆயுதம் வந்தது.

இரத்தத்தில் சர்க்கரையும் அமிலமும் கூடும்போது இரும்புச்சத்து விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது, வெள்ளையணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. அது இரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். இரத்தம் நின்ற இடத்தில் திசு சாகும். அதனால்தான் வலிக்கு அடுத்து மரத்துப்போதல் வருகிறது. வலி குறைந்தால் நோயாளி நிம்மதியடைகிறார். அங்கே நரம்பு செத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சவரக்கத்தி தெரியாமற் போனது அந்தக் கணம்தான். பல் ஆடுவதும், முகத்தில் ஒரு பக்கம் வீங்குவதும், இமை தொங்குவதும், பொருள் இரண்டாகத் தெரிவதும், மூக்கிலிருந்து கறுத்த அல்லது குருதி கலந்த நீர் வருவதும் இதன் கொடிகள். அண்ணத்தில் கறுப்பு தெரியும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. எண்டோஸ்கோப்பில் பார்த்தால் தொடக்கத்தில் மூக்கின் உட்தோல் கறுப்பாகக்கூட இருக்காது. வெளிறி, தொட்டால் உணர்வில்லாமல், கீறினால் ரத்தம் வராமல் இருக்கும்.

'கருப்புப் பூஞ்சை' என்று செய்தித்தாள்கள் சூட்டிய பெயர் அதனாலேயே தவறானது. பூஞ்சை கறுப்பல்ல, செத்த சதை கறுப்பு. கறுப்பைத் தேடுகிறவர் வெளிறலைத் தவறவிடுவார். (நோயியலாளர்கள் வெள்ளிச் சாயமேற்றும்போது பூஞ்சையின் சுவர் நுண்ணோக்கியில் கறுப்பாகத் தெரியும் என்பது தற்செயலான கேலி.)

இதை உறுதிசெய்யும் முதற்சோதனை மிக எளியது. கிள்ளியெடுத்த திசுத்துண்டின்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. சதை கரைந்துவிடும், பூஞ்சை மிஞ்சும். அகன்று, நாடா போல மடங்கி, குறுக்குச்சுவர் ஏறக்குறைய இல்லாமல், செங்கோணத்தில் கிளைத்திருந்தால் மியூகார். மெலிந்து, குறுக்குச்சுவர்களோடு, குறுங்கோணத்தில் கவைபோலப் பிரிந்திருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ். ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடலாம். வளர்ப்புச் சோதனைக்குக் காத்திருக்கக்கூடாது. திசுவை நசுக்கினால் மியூகாரின் இழைகள் செத்துவிடுவதால் அது பல நேரம் வளர்வதுமில்லை. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லும். இவற்றில் எதுவும் 2021இல் புதிதல்ல. சண்டிகரில் மட்டும் 1990களின் பத்தாண்டுகளில் 129 பேரையும், அடுத்த ஐந்தாண்டுகளில் 178 பேரையும் பார்த்துவிட்டுத் தொகை ஏறுகிறது என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலோர் நீரிழிவுக்காரர்கள். நீரிழிவின் நாடாக மாறிக்கொண்டிருந்த நாட்டில் அதை மணியோசையாக யாரும் கேட்கவில்லை.

2021 மே மாதம் தமிழக அரசு இதை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலைக்குள் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆம்போடெரிசின் குப்பிகளுக்கு உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள், நானும் அலைந்தேன். ஆக்சிஜன் குழாய், முகக்கவசம், துத்தநாக மாத்திரை என்று பலவற்றின்மேல் பழி போடப்பட்டது. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்ததே முதன்மைக் காரணம் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆகவே கேட்டிருக்கவேண்டிய கேள்வி 'சைனஸ் தொந்தரவு எத்தனை நாளாக?' என்பதல்ல. 'சர்க்கரை எவ்வளவு? கொரோனாவுக்கு என்ன ஊசி போட்டார்கள்? கன்னத்தில் தொட்டால் தெரிகிறதா?'

*

சித்தப்பா இப்போது அண்ணத்தில் ஒரு செயற்கைத் தகடு பொருத்தியிருக்கிறார். அதைக் கழற்றிவிட்டால் பேச்சு மூக்கில் போய்விடும், குடிக்கும் நீர் மூக்கு வழியாக வந்துவிடும். இரவில் கழற்றிச் சிறு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவைப்பார். காலையில் அதை மாட்டிய பிறகுதான் அன்றைய முதல் சொல். நாள் தவறாமல் விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறார். தேதி, எண், அன்று என்ன சாப்பிட்டார் என்று சித்தியின் கையெழுத்தில் பக்கம் பக்கமாக.

சென்ற தை மாதம் போயிருந்தேன். அறுவடை இயந்திரம் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வரப்பில் நின்று தலைத்துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தூசிக்கும் உங்களுக்கு வந்ததற்கும் தொடர்பில்லை, அது வேறு பூஞ்சை, அது சர்க்கரையால் வந்தது என்று நான் படித்ததையெல்லாம் சொல்லிப்பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் துண்டுக்குள்ளிருந்து.